ஆழாக்கு எத்தனை கிராம்?

போன தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது மெல்பர்னிலிருந்து அக்கா மகள் வீடியோ காலில் வந்தாள். ஒரு கையில் செல்போன், இன்னொரு கையில் ஒரு தாள். அம்மாவின் சமையல் நோட்டிலிருந்து அதிரசப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தேன். அதைப் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறாள். மஞ்சள் கறையும் எண்ணெய்ப் பொட்டும்கூட அப்படியே பிரின்ட்டாகியிருந்தன.

"அம்மாச்சி, ஒரு ஆழாக்குன்னா எத்தனை கிராம்?"

"எதைடி கேக்குற?"

"ஆழாக்கு, அம்மாச்சி. ஆ... ழா... க்கு."

"அது கேட்டுச்சு. ஆழாக்கு எதுன்னு கேக்குறேன். அரிசியா, மாவா, உளுந்தா, பொரியா? எதுன்னு சொல்லாம எத்தனைன்னா நான் என்னத்தச் சொல்ல?"

திரையில் அவள் விழித்தாள். இந்தப் பக்கம் நான் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட அம்மா, கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார். ஆழாக்கு இடத்தின் கணக்கு. கிராம் எடையின் கணக்கு. அந்த இடத்தில் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாதவரை ஒன்றை இன்னொன்றாக மாற்ற வழியே இல்லை.

இன்றைக்கு இந்தக் கேள்வி வீட்டுக்கு வீடு இருக்கிறது. யூடியூபில் ஒருவர் "ஒரு கப்" என்கிறார். அது எந்தக் கப் என்று சொல்வதில்லை. பாட்டியின் குறிப்பில் உழக்கு. ரைஸ் குக்கரோடு வந்த பிளாஸ்டிக் குவளை ஒன்று. கேக் குறிப்பில் 150 கிராம் மைதா. ஒரே அடுப்படியில் நான்கு மொழி. பண்டம் கெட்டால் பழி மட்டும் செய்தவர் கையின் மேல் விழுகிறது.

முகப்பதும் நிறுப்பதும்

பழைய கணக்குப் புத்தகங்களில் இரண்டுக்கும் தனித்தனி வாய்ப்பாடு உண்டு. முகத்தலளவையில் 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி. அந்த நாழியைத்தான் படி என்கிறோம். 8 நாழி ஒரு குறுணி, அதாவது மரக்கால். 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி, 3 தூணி ஒரு கலம். நிறுத்தலளவை வேறு குடும்பம். 3 தோலா ஒரு பலம், 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. பலம் என்பது இன்றைய 35 கிராம். வீசை 1 கிலோ 400.

எதை முகப்பது, எதை நிறுப்பது என்பதில் கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் குழப்பம் இருந்ததில்லை. நெல், அரிசி, பயறு, எண்ணெய், பால் எல்லாம் படிக்கும் உழக்குக்கும் போயின. வெல்லம், புளி, மிளகாய் வற்றல், காய்கறி எல்லாம் தராசுக்குப் போயின. காரணம் சாமான்களின் உடம்பிலேயே இருக்கிறது. தானியமும் திரவமும் பாத்திரத்தின் வடிவத்துக்கு அடங்கி உட்காரும். அச்சுவெல்லத்தைப் படியில் போட்டால் பாதிப் படி இடுக்காகப் போய்விடும். புளியோ, அமுக்கும் கைக்குத் தக்கபடி அளவு மாறும். ஆகவே அந்தக் காலத்துக் குறிப்பு ஒன்றிலேயே இரண்டு அளவையும் கலந்து வரும். அம்மாவின் அதிரசமும் அப்படித்தான்: "பச்சரிசி 1 படி, வெல்லம் முக்கால் வீசை." வீசையைப் பிற்பாடு யாரோ அடித்துவிட்டு "1 கிலோ" என்று பென்சிலில் எழுதியிருக்கிறார்கள். படியை யாரும் தொடவில்லை.

1951இல் எஸ்.மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' முதல் பாகத்தை வெளியிட்டபோது இந்த நாட்டில் கிலோவும் லிட்டரும் புழக்கத்துக்கு வரவில்லை. எடைகள், அளவைகள் தரச் சட்டம் வந்தது 1956இல். 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நுழைந்தன. 1962 ஏப்ரல் 1 முதல் கடையில் கிலோ கட்டாயமாயிற்று. தராசுத் தட்டில் இருந்த இரும்புக் கற்களை மாற்றிவிடலாம், சுலபம். படியை அப்படி ஒழிக்க முடியவில்லை. கடைக்காரர்கள் ஒரு லிட்டர் கொள்ளும் தகரக் குவளையை வாங்கி அதையே படி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். 'லிட்டர் படி' பிறந்தது இப்படித்தான். பழைய பட்டணம் படியோ ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேலே போகும். ஒரே பேரில் இரண்டு பாத்திரம்.

குழப்பம் அதற்கும் பழையது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் அளந்ததைச் சொல்லும்போது சும்மா மரக்கால் என்று விடவில்லை. 'ஆடவல்லான்' என்று மரக்காலின் பேரையும் சேர்த்தே வெட்டினார்கள். பொன் நிறுத்த கல்லுக்கும் அதே பெயர். ஊருக்கு ஒரு மரக்கால் இருந்த நாட்டில், எந்த மரக்கால் என்று சொல்லாவிட்டால் கணக்கு நிற்காது. யாழ்ப்பாணத்துச் சமையல் குறிப்பைப் படிக்கிறவர்களுக்கும் இதே தலைவலிதான். அங்கே அரிசி சுண்டிலும் கொத்திலும் வரும். 4 சுண்டு ஒரு கொத்து. பால்டின் பேணியே சுண்டாக நின்ற வீடுகள் நிறைய.

படிக்குள் பாதி காற்று

ஒரு சின்ன சோதனை. வீட்டில் இருக்கும் டம்ளரில் பச்சரிசியைத் தலைதட்டி நிரப்புங்கள். பிறகு அதில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். நிறைந்த டம்ளரில் தண்ணீர் எங்கே போகும் என்று தோன்றும். போகும். 200 மில்லி டம்ளர் என்றால் 80 மில்லிக்கு மேலேயே உள்ளே இறங்கும். அவ்வளவும் அதுவரை காற்று குடியிருந்த இடம். ஆழாக்கு அரிசி என்று நாம் முகந்தது ஏறக்குறைய பாதி அரிசி, பாதி காற்று.

அந்தக் காற்று ஒரே அளவில் இருந்தால் வம்பில்லை. குண்டுமணிபோல உருண்டையான பொருள்களைக் கொட்டிக் குலுக்கினால் இடத்தில் 64 சதவீதம் வரை அடையும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2004இல் 'எம் அண்ட் எம்' மிட்டாய்களைக் கொட்டிப் பார்த்தார்கள். லேசாகத் தட்டையான அந்த மிட்டாய்கள் உருண்டைகளைவிட நெருக்கமாக அடைந்தன. பொருளின் வடிவம் மாறினால் காற்றின் பங்கும் மாறுகிறது. பொன்னியும் பாஸ்மதியும் ஒரே உழக்கில் ஒரே எடை நிற்காததன் காரணம் இதுதான்.

நெல் வியாபாரிகளுக்கு இந்த விஞ்ஞானம் எப்போதோ தெரியும். மரக்காலை உயரத்திலிருந்து கொட்டி நிரப்பினால் நெல் இறுகி அதிகம் கொள்ளும். தாழ்வாகப் பிடித்துச் சரித்தால் குறைவாகக் கொள்ளும். வாங்கும்போது கோபுரம் கட்டி, விற்கும்போது தலைதட்டி. படியின் அடியை உள்பக்கமாகக் குழித்து வைத்திருந்தவர்களும் உண்டு. களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை "ஒன்று" என்று எண்ணாமல் "லாபம்" என்று எண்ணுவார்கள். லாபம், இரண்டு, மூன்று என்று போகும். அந்த லாபம் யாருக்கு என்பது அளக்கிறவர் மணிக்கட்டைப் பொறுத்தது.

தானியத்துக்கே இப்படி என்றால் மாவின் கதையைக் கேட்க வேண்டாம். மாவு மில்லிலிருந்து சூடாகக் கொண்டுவந்த மாவு பஞ்சாக இருக்கும். டப்பாவில் ஒரு வாரம் இருந்தால் அமிழ்ந்து இறுகிவிடும். சலித்தால் மறுபடி பஞ்சு. எங்கள் வீட்டு ஆழாக்கில் மைதாவைக் கரண்டியால் தூவி நிரப்பித் தலைதட்டினேன்: 103 கிராம். அதே மைதாவில் ஆழாக்கையே விட்டு முகந்தேன்: 130 கிராம். அதே பாத்திரம், அதே மாவு, அதே கை. கால் பங்கு வித்தியாசம். மூன்று கப் மாவு கேட்கும் கேக்கில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசியுங்கள். "அவங்க சொன்னபடியேதான் செஞ்சேன், கல்லு மாதிரி வந்துச்சு" என்று சொல்பவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை.

எந்தக் கப்?

கப்பைச் சமையலுக்கு அளவையாகப் பிரபலமாக்கியவர்கள் அமெரிக்கர்கள். அதிலும் ஒரு பெண்மணிக்குத் தனி இடம் உண்டு. பாஸ்டன் சமையல் பள்ளியின் தலைவியாக இருந்த ஃபேனி ஃபார்மர் 1896இல் ஒரு சமையல் புத்தகம் எழுதினார். பதிப்பகத்துக்கு நம்பிக்கையில்லை. முதல் பதிப்பு 3,000 பிரதிகளுக்கான செலவை எழுதியவர் தலையிலேயே கட்டியது. புத்தகம் பறந்தது. காப்புரிமையும் அவரிடமே இருந்ததால் பணம் அவருக்கே வந்தது. (இந்த இடத்தில் எழுதிப் பிழைக்கிற நான் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்கிறேன்.) அதுவரை "முட்டை அளவு வெண்ணெய்" என்ற பாணியில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த நாட்டில், கப்பையும் கரண்டியையும் நிரப்பி மேலே கத்தியால் வழித்து அளக்க வேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். நம் ஊரில் தலைதட்டுவது என்கிறோமே, அதேதான்.

ஐரோப்பா தராசில் நின்றது, அமெரிக்கா கப்பில் நின்றது. கப்பாவது ஒரே கப்பா என்றால் அதுவும் கிடையாது. அமெரிக்கக் கப் 237 மில்லி. ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானில் 200. பிரிட்டனின் பழைய கப், அரை பைன்ட் என்பதால், 284. நம் வீட்டு ரைஸ் குக்கரோடு வரும் குவளை இவற்றில் எதுவும் இல்லை. அது ஜப்பானின் 'கோ' என்ற பழைய அளவை, 180 மில்லி. அரிசி போட்டால் 150 கிராம். அதைக் கப் என்று நம்பி கேக் செய்தவர்கள் எத்தனை பேரோ!

கரண்டியிலும் இதே கூத்து. டீஸ்பூன் எங்கும் 5 மில்லி, அது பரவாயில்லை. டேபிள்ஸ்பூன் பெரும்பாலான நாடுகளில் 15 மில்லி. ஆஸ்திரேலியாவில் மட்டும் 20. அக்கா மகளின் அடுப்படியில் தொங்கும் கரண்டி அந்த 20 மில்லிக் கரண்டி. சென்னைக்காரர் ஒருவர் யூடியூபில் சொல்லும் மூன்று டேபிள்ஸ்பூன் நெய்யை அவள் ஊற்றினால் நான்காகிவிடும். நெய் விஷயத்தில் அது தவறென்று நான் சொல்ல மாட்டேன். பேக்கிங் பவுடரில் அப்படி விட முடியாது.

லிட்டரும் கிலோவும் சமமில்லை

தண்ணீர் ஒன்றுக்குத்தான் லிட்டரும் கிலோவும் ஒன்று. பால் தண்ணீரைவிடச் சற்றுக் கனம். அரை லிட்டர் பால் பாக்கெட்டைத் தராசில் வைத்தால் கவர் நீங்கலாகச் சுமார் 515 கிராம் காட்டும். எண்ணெய் லேசு. சமையல் எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், 1 லிட்டர் என்பதற்குப் பக்கத்தில் 910 கிராம் என்று இருக்கும். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு சண்டை நடந்திருக்கிறது.

எண்ணெய் சூடானால் விரியும். சோயா எண்ணெய் ஒரு லிட்டர் 21 டிகிரியில் 919 கிராம் இருக்கும். 60 டிகிரியில் 893 கிராம்தான். அதனால் சில கம்பெனிகள் பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டுவிட்டு, பக்கத்திலேயே 60 டிகிரி வரை ஏதோ ஒரு வெப்பநிலையைப் பொடி எழுத்தில் அச்சிட்டன. சூடான எண்ணெயில் ஒரு லிட்டர் என்றால் வாங்குகிறவருக்கு எடை குறையும், சட்டப்படி குற்றம் சொல்லவும் முடியாது. யார் வீட்டில் எண்ணெய் 60 டிகிரியில் அலமாரியில் இருக்கிறது? 2022 ஆகஸ்டில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைப் போடாமல் கொள்ளளவையும் எடையையும் சேர்த்து அச்சிடச் சொன்னது. மரக்காலைக் கோபுரம் கட்டிய வியாபாரிக்கும் இந்த டிகிரிக் கணக்குக்கும் இடையில் பெரிய தூரமில்லை.

இட்லி மாவு பாக்கெட்டில் இன்னொரு வேடிக்கை. காலையில் தட்டையாக இருந்த பாக்கெட் மாலையில் பலூனாக உப்பிவிடுகிறது. மாவு கூடிவிட்டதா? ஒரு கிராம்கூடக் கூடவில்லை. புளிக்கும்போது உண்டான வாயு உள்ளே மாட்டிக்கொண்டு இடத்தைப் பெரிதாக்கியிருக்கிறது. கடைக்காரர் அதைக் கிலோவில் விற்பதால் நாம் பிழைத்தோம். உழக்கில் அளந்து மாலையில் விற்றால் காற்றுக்கும் காசு கொடுத்திருப்போம்.

நான் சொதப்பிய கதை

தராசு வாங்கிய புதிதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. இனி எல்லாம் கிராம்தான் என்று வீட்டில் அறிவித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்கு விருந்தாளிகளுக்குத் தேங்காய்ப்பால் சாதம். "ஒன்றுக்கு இரண்டு" என்பது அம்மாவின் கணக்கு. 500 கிராம் அரிசியை நிறுத்தேன். தேங்காய்ப்பாலும் தண்ணீருமாக 1,000 கிராமை நிறுத்து ஊற்றினேன். விசில் அடங்கித் திறந்தால் சாதம் நடுவில் நரநரவென்று இருந்தது.

அம்மா ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு, "தண்ணி போதலை" என்றார். ஒன்றுக்கு இரண்டுதானே என்று நான் வாதாடினேன். அவர் பதில் சொல்லாமல் கொதிதண்ணீரைத் தெளித்து மூடிவைத்தார்.

தவறு இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது. ஒன்றுக்கு இரண்டு என்பது டம்ளர் கணக்கு. ஒரு டம்ளர் அரிசியில் பாதி காற்று, இரண்டு டம்ளர் தண்ணீரில் காற்றே இல்லை. 500 கிராம் அரிசி எங்கள் பாத்திரத்தில் 620 மில்லிக்கு மேல் வரும். அதற்கு இரண்டு பங்கென்றால் தண்ணீர் 1,240 மில்லிக்கு மேல். நான் கால் லிட்டரை விழுங்கிவிட்டேன். டம்ளரில் ஒன்றுக்கு இரண்டு, தராசில் ஏறக்குறைய ஒன்றுக்கு இரண்டரை. விகிதம்தானே, எதில் அளந்தால் என்ன என்று நினைப்பவர்கள் எல்லோரும் இந்தப் பள்ளத்தில் ஒருமுறையாவது விழுவார்கள்.

இட்லியில் மட்டும் இந்தப் பள்ளம் ஆழம் குறைவு. அரிசிக்கும் உளுந்துக்கும் உழக்கில் எடை கிட்டத்தட்ட ஒன்றுதான். நான்குக்கு ஒன்று என்பதைத் தராசில் அப்படியே வைத்தாலும் இட்லி கோபித்துக்கொள்ளாது.

அப்படியென்றால் அம்மாவின் தலைமுறை தராசே இல்லாமல் எப்படிப் பிசகாமல் சமைத்தது? இதற்குக் கைப்பக்குவம் என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு அந்த வார்த்தையின் மேல் கொஞ்சம் வருத்தம் உண்டு. அவர்கள் செய்த வேலையை அது மந்திரமாக்கிவிடுகிறது. அவர்கள் வைத்திருந்தது ஒரே ஆழாக்கு. அரிசிக்கும் அதே, தண்ணீருக்கும் அதே, பருப்புக்கும் அதே. அளப்பதும் ஒரே கை, தட்டுவதும் அதே தட்டல். அந்த ஆழாக்கு எத்தனை மில்லி என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை. பாத்திரம் சிறிதானால் எல்லாம் சேர்ந்து சிறிதாகும், பெரிதானால் எல்லாம் சேர்ந்து பெரிதாகும். கணக்கு உடைவது குறிப்பு மட்டும் ஊர்விட்டு ஊர் போய், ஆழாக்கு இங்கேயே தங்கிவிடும்போதுதான்.

உப்பில் ஒரு எச்சரிக்கை

மற்றதெல்லாம் கூடக்குறைய இருந்தால் சமாளிக்கலாம். உப்பு அப்படியில்லை. தூள் உப்பு ஒரு டீஸ்பூன் சுமார் 6 கிராம். கல் உப்பு அதே டீஸ்பூனில் கல்லின் பருமனுக்குத் தக்கபடி குறையும். அமெரிக்கச் சமையல்காரர்கள் கொண்டாடும் 'கோஷர்' உப்பில் ஒரு கம்பெனியின் சரக்கு டீஸ்பூனுக்கு 3 கிராம்கூட இருக்காது, இன்னொரு கம்பெனியின் சரக்கு 5 கிராமை நெருங்கும். அவர்கள் குறிப்பில் "இரண்டு டீஸ்பூன்" என்று பார்த்து நாம் தூள் உப்பைப் போட்டால் இரண்டு மடங்கு வரைகூடப் போய்விடும். ஊறுகாய் போடுகிறவர்கள் உப்பை மட்டுமாவது நிறுத்துப் போடுங்கள். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கையில் அள்ளிப் போடுகிறவர் அந்த 5 கிராம் எவ்வளவு என்று ஒருமுறையாவது தராசில் பார்ப்பது நல்லது. பார்த்த அன்று நான் அப்பளத்தை விட்டேன். மூன்று நாளில் மறுபடி பிடித்துக்கொண்டேன், அது வேறு விஷயம்.

ஒரு படி பிரியாணி

கல்யாணச் சமையலிலும் கடைச் சமையலிலும் இந்தச் சிக்கல் முன்பே தீர்ந்துவிட்டது. ஸ்வீட் ஸ்டால் சரக்கு மாஸ்டர் கடலைமாவையும் சர்க்கரையையும் தராசில் வைக்காமல் அடுப்பைப் பற்றவைக்க மாட்டார். பேக்கரியில் மாவை நூறு என்று வைத்துக்கொண்டு தண்ணீர், ஈஸ்ட், உப்பு, சர்க்கரை எல்லாவற்றையும் அந்த நூறுக்கு இத்தனை என்று எடையில் கணக்குப் போடுவார்கள். பத்து கிலோ மாவுக்கும் நூறு கிலோ மாவுக்கும் ஒரே கணக்கு. நாளைக்கு மாஸ்டர் லீவு போட்டாலும் ரொட்டி அதே ரொட்டிதான்.

எனக்குப் பிடித்த உதாரணம் சென்னையின் பிரியாணிக்காரர்கள். "ஒரு படி பிரியாணி, ரெண்டு படி பிரியாணி" என்றுதான் இன்றும் ஆர்டர் எடுக்கிறார்கள். ஆனால் அடுப்பங்கரையில் படி என்று ஒரு பாத்திரம் இருக்காது. அரிசி மூட்டையைப் பிரித்து ஒன்றரைக் கிலோ நிறுத்துப் போட்டால் பலரிடம் அதுதான் ஒரு படி. முகத்தலளவையின் பேரில் நிறுத்தலளவை நடக்கிறது. ஒரு அளவை தன் உடலை விட்டுப் பேரை மட்டும் வைத்துக்கொண்டு பிழைத்திருக்கிறது. கறிக்கும் அதே படிக்கணக்கில் இத்தனை கிலோ என்று பேசி முடித்துவிடுவார்கள்.

தராசு வாங்கினால்

சில நூறு ரூபாய்க்கு அடுப்படித் தராசு கிடைக்கிறது. தட்டையான பலகை, இரண்டு பொத்தான். அதில் 'டேர்' என்று ஒன்று இருக்கும். வேலையைக் குறைப்பது அதுதான். பாத்திரத்தை வைத்து அதை அமுக்கினால் எண் பூஜ்யத்துக்குப் போகும். மாவைக் கொட்டுங்கள், மறுபடி அமுக்குங்கள், சர்க்கரையைக் கொட்டுங்கள். நான்கு கப், நான்கு கரண்டி கழுவ வேண்டியதில்லை. தேன், நெய், வேர்க்கடலை வெண்ணெய் போன்றவை கப்பின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு பாதி கழுவும் தொட்டிக்குப் போகாமல் நேராகப் பாத்திரத்தில் விழும்.

சரியாகக் காட்டுகிறதா என்று சந்தேகம் வந்தால் பால் பாக்கெட்டை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். இந்தத் தராசுகள் 2 கிராம், 3 கிராமில் தடுமாறும். ஈஸ்ட், சோடா உப்பு, ஏலப்பொடி எல்லாம் கரண்டியிலேயே இருக்கட்டும். பெருங்காயத்தைத் தராசில் வைக்கிறவரை எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை.

அக்கா மகளுக்காக எங்கள் ஆழாக்கைத் தராசில் ஏற்றினேன். பித்தளை, விளிம்பில் ஒரு நெளிவு. தண்ணீர் 203 கிராம், அதாவது 203 மில்லி. பச்சரிசி 163. உளுந்து 170. ரவை 142. சர்க்கரை 172. தூள் உப்பு 245. நெய் 185. தேன் 287. பொரி 20ஐத் தொடவில்லை. உங்கள் வீட்டு எண்கள் கொஞ்சம் முன்பின் இருக்கும். அரிசி ரகம் மாறும், ரவையின் பருமன் மாறும், தட்டும் கை மாறும்.

இதை வைத்து அதிரசக் கணக்கைப் போட்டோம். ஒரு படி என்றால் 8 ஆழாக்கு, 1 கிலோ 300 கிராம் அரிசி. அதற்கு ஒரு கிலோ வெல்லம். இரண்டு பேர் வீட்டுக்குக் கால் படி போதும் என்று அவளே சொன்னாள்: 325 கிராம் அரிசி, 250 கிராம் வெல்லம். போனில் எழுதி அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்தேன். அம்மா விடவில்லை.

"அரிசிய ஊறவைக்கறதுக்கு முன்னாடி நிறுக்கச் சொல்லு. ஊறின பெறகு நிறுத்தாள்னா போச்சு."

மறுபடியும் அவர்தான் சரி. ஊறி வடித்த அரிசியில் அதன் எடையில் கால் பங்குக்கு மேல் தண்ணீர் ஏறியிருக்கும். அதிரசத்துக்கு நிழலில் உலர்த்தி ஈரம் இருக்கும்போதே அரைப்பது வழக்கம். அந்த ஈரமாவை 325 கிராம் நிறுத்தால் அதில் அரிசி குறைவு, தண்ணீர் அதிகம். வெல்லம் மிஞ்சிவிடும். பழைய குறிப்புகள் "பச்சரிசி ஒரு படி" என்று அரிசியில் தொடங்குவதும், "மாவு இத்தனை" என்று சொல்லாததும் இதனால்தான். நிறுப்பதும் முகப்பதும் ஒரு பக்கம் இருக்கட்டும், எந்தக் கட்டத்தில் அளக்கிறோம் என்பதும் குறிப்பில் இருக்க வேண்டும்.

முதல் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோயிற்று. எடை கச்சிதம், பாகு இளம்பதம். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டினால் மெத்தென்று உருள வேண்டும் என்பதை அம்மாச்சி மூன்று தரம் வீடியோவில் செய்துகாட்டினார். அதற்குத் தராசு உதவாது. இரண்டாம் நாள் பாகு வந்தது. ஓரம் மொறுமொறுவென்று, நடுவே மெத்தென்று பதினெட்டு அதிரசம். படம் அனுப்பியிருந்தாள். அதில் ஓரமாகத் தராசும் தெரிந்தது.

உங்கள் வீட்டிலும் ஒரு டம்ளர் இருக்கும். ஓரம் நெளிந்த ஆழாக்கோ, ஹார்லிக்ஸ் மூடியோ, கைப்பிடி உடைந்த எவர்சில்வர் குவளையோ. வீட்டுக் குறிப்புகள் எல்லாம் அந்தப் பாத்திரத்தின் மொழியில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அது பழைய பாத்திரக்காரர் மூட்டைக்குள் போவதற்கு முன் ஒருமுறை தண்ணீர் நிரப்பி நிறுங்கள். பிறகு அரிசி, பிறகு மாவு. அளந்து போடுவது அம்மாவாகவே இருக்கட்டும், எண்ணை நீங்கள் எழுதுங்கள். பத்து நிமிட வேலை. எங்கள் ஆழாக்கின் அடியில் இப்போது நெயில் பாலிஷில் எழுதியிருக்கிறது: 203.